ஆளுக்கு ஒரு டாலர்: நிதிதிரட்டு நடைகளில் மக்கள் ஏன் சேருகிறார்கள்?



வகுப்பில் நெடுநடை, நெடுவோட்டம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு மாணவராவது இப்படிக் கேட்பார்: "நல்ல காரியத்துக்குப் பணம் வேணும்னா கொடுத்துட்டுப் போகலாமே. எதுக்கு விடியற்காலையில எழுந்து அஞ்சு கிலோமீட்டர் நடக்கணும்?" நியாயமான கேள்விதான். நடப்பதால் நோய் குணமாவதில்லை, ஓடுவதால் பசித்தவருக்குச் சோறு கிடைப்பதும் இல்லை. அப்படியிருந்தும் உலகம் முழுவதும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். இதற்கான விடையை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

நடந்து நிதி திரட்டும் வழக்கம்

உடலை வருத்தி ஒரு நோக்கத்துக்காக நடப்பது நமக்குத் தெரியாத ஒன்றல்ல. தைப்பூசத்தன்று காவடி எடுத்து நடப்பவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒருவர் நடக்க, அதைப் பார்த்து மற்றவர்கள் மூன்றாம் ஆள் ஒருவருக்காகப் பணம் கொடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலானது.

1953-இல் புவெர்ட்டோ ரிக்கோ தீவில் ராமோன் ரிவேரோ என்ற நகைச்சுவை நடிகர் சான் ஹுவான் நகரிலிருந்து போன்சே நகருக்கு ஏறத்தாழ 80 மைல் நடந்தார். 'டிப்ளோ' என்றால்தான் அங்குள்ள மக்களுக்கு அவரைத் தெரியும். புற்றுநோய் ஒழிப்புச் சங்கத்துக்காக அவர் நடந்த அந்த நடையில் 85,000 டாலர் சேர்ந்தது.

1967-இல் கனடா தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. அந்த ஆண்டு அங்கே 'மில்லியன்களுக்காக மைல்கள்' என்ற நடை இயக்கம் தொடங்கியது. ஏழை நாடுகளுக்கு உதவி அனுப்புவது அதன் நோக்கம். அதில் பெருந்திரளாக நடந்தவர்கள் யார் தெரியுமா? உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள்! கையில் அட்டையுடன் அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் போய், "நான் ஒரு மைல் நடந்தா எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். இன்று நம் பள்ளிகளில் கொடுக்கும் நன்கொடை அட்டையும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

1969-இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், பிஸ்மார்க் நகரில், பசிப்பிணி ஒழிப்புக்காக ஏறத்தாழ ஆயிரம் பேர் நடந்தார்கள். 1970-இல் குழந்தைகள் நலனுக்காக உழைக்கும் 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' அமைப்பும் நடைகளைத் தொடங்கியது. ஆக, 1980-ஆம் ஆண்டு பிறக்கும்போது இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. அதற்கு ஒரு புதுப் பொருளைக் கொடுத்தவர் 21 வயது இளைஞர் ஒருவர்.

டெர்ரி ஃபாக்ஸ்

டெர்ரி ஃபாக்ஸ் 1958-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் போர்ட் கோகிட்லம் ஊரில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவருக்கு 1977 மார்ச் மாதம் வலது காலில் எலும்புப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அப்போது வயது 18. முழங்காலுக்கு மேலே கால் துண்டிக்கப்பட்டது.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிழைப்பதற்கு 50 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாக மருத்துவர்கள் அவரிடம் சொன்னார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால் இதே நோய் வந்திருந்தால் அந்த வாய்ப்பு 15 விழுக்காடுதான். நடுவில் மாறியது என்ன? ஆராய்ச்சி முன்னேறியிருந்தது, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்குப் போகும் பணம் உயிர்களாகத் திரும்பி வருகிறது என்பதை டெர்ரி புத்தகத்தில் படிக்கவில்லை, தன் உடம்பிலேயே கண்டார். பதினாறு மாதச் சிகிச்சையின்போது பக்கத்துக் கட்டில்களில் தன்னைவிட இளையவர்கள் துன்பப்படுவதையும் பார்த்தார். தனக்கு உயிர் கிடைத்திருக்கிறது, மற்றவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற கடன் உணர்வு அவருக்குள் வளர்ந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள், செயற்கைக் காலுடன் நியூயார்க் நெடுவோட்டத்தை முடித்த டிக் ட்ராம் என்பவரைப் பற்றிய கட்டுரையை அவருடைய கூடைப்பந்துப் பயிற்றுநர் கொடுத்திருந்தார். அதிலிருந்துதான் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்கும் எண்ணம் முளைத்தது.

1980 ஏப்ரல் 12. நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லாண்டிக் கடல் நீரில் தன் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நண்பர் டக் ஆல்வர்ட் வேனை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது தினமும் ஒரு முழு நெடுவோட்டம். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதனால் நல்ல காலில் ஒரு தத்து தத்தி, பிறகு செயற்கைக் காலை ஊன்றி ஓடினார். துண்டித்த இடத்தில் புண்ணாகி இரத்தம் கசிந்த நாள்களும் உண்டு.

தொடக்கத்தில் கூட்டம் இல்லை, பணமும் பெரிதாக வரவில்லை. கியூபெக் மாநிலத்தில் அவரை அறிந்தவர்களே குறைவு. ஒன்டாரியோவுக்குள் நுழைந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஜூலை மாதம் டொரொண்டோவில் பத்தாயிரம் பேர் திரண்டு வரவேற்றார்கள்.

ஒரு சிற்றூர் சொன்ன கணக்கு

டெர்ரியின் முதல் இலக்கு ஒரு மில்லியன் டாலர். நியூஃபவுண்ட்லாந்தில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறிய ஊர் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ பத்தாயிரம். டெர்ரி வந்தபோது அந்த ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, ஆளுக்கு ஒரு டாலர்!

அந்தக் கணக்கு டெர்ரியின் மனத்தில் பதிந்துவிட்டது. பின்னர் அவர் நாட்டு மக்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர் கேட்டார். இதில் ஒரு பெரிய கருத்து அடங்கியிருக்கிறது. ஒரு டாலர் என்றால் கோடீஸ்வரருக்கும் ஒரு பங்குதான், பாத்திரம் கழுவுபவருக்கும் ஒரு பங்குதான். கொடுப்பதில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் இல்லை.

நம் வரலாற்றிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை உருவானபோது, அதன் தமிழ் நூலகத்துக்காகத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். செல்வந்தர்களை மட்டும் நம்பாமல் உழைத்துப் பிழைக்கும் சாதாரண மக்களிடமும் கேட்டார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத பலர் அதன் நூலகத்துக்குப் பங்கு கொடுத்தார்கள். நோக்கம் வேறு, நாடு வேறு. ஆனால் எல்லாரிடமும் கேட்கலாம், எல்லாராலும் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

ஓட்டம் நின்ற பிறகு

செப்டம்பர் 1-ஆம் நாள் ஒன்டாரியோவின் தண்டர் பே நகருக்கு அருகில் டெர்ரியால் மேற்கொண்டு ஓட முடியவில்லை. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியிருந்தார். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வரையுள்ள தூரத்தைப் போல ஏறத்தாழ பதினைந்து மடங்கு! ஆனாலும் மறு கரையான பசிபிக் கடலை அவர் எட்டவில்லை.

அடுத்த சில நாள்களில் ஒரு தொலைக்காட்சி நிலையம் நடத்திய நிகழ்ச்சியில் மட்டும் 10.5 மில்லியன் டாலர் குவிந்தது. 1981 பிப்ரவரியில் மொத்த நிதி 24.17 மில்லியன் டாலரைத் தொட்டது. அப்போது கனடாவின் மக்கள் தொகையும் ஏறத்தாழ 24 மில்லியன். ஆளுக்கு ஒரு டாலர் என்ற கனவு, அவர் உயிரோடு இருக்கும்போதே நனவானது. 1981 ஜூன் 28-ஆம் நாள், 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், டெர்ரி காலமானார்.

அதே ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் முதல் 'டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம்' நடந்தது. 760-க்கும் மேற்பட்ட இடங்களில் மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இதை ஆண்டுதோறும் நடத்தலாம் என்று முன்மொழிந்தவர் ஐசடோர் ஷார்ப் என்ற விடுதி உரிமையாளர். அவர் 1978-இல் தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த ஓட்டத்தில் போட்டி கிடையாது, முதல் பரிசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். பின்னர் மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. இதுவரை திரண்ட நிதி 800 மில்லியன் கனடிய டாலருக்கும் அதிகம்.

அப்படியானால் ஏன் சேருகிறார்கள்?

இந்த வரலாற்றிலிருந்து நான்கு காரணங்களைப் பிரித்தெடுக்கலாம்.

முதலாவது, துயரத்துக்கு ஒரு வேலை வேண்டும். அன்புக்குரியவரை இழந்தவருக்கு அழுது முடித்த பிறகும் கை கால்கள் சும்மா இருக்க மறுக்கும். ஏதாவது செய்தாக வேண்டும். ஷார்ப் செய்தது அதுதான். இறந்தவரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு நடப்பவர்கள் செய்வதும் அதுதான்.

இரண்டாவது, கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும். சும்மா போய்க் காசு கேட்க யாருக்கும் கூச்சம். "நான் பத்து கிலோமீட்டர் நடக்கப் போறேன், நீங்க முடிஞ்சதைக் கொடுங்க" என்று கேட்கும்போது கேட்பவரும் ஒரு பங்கைச் சுமக்கிறார். அதனால் அது யாசகமாகத் தோன்றுவதில்லை.

மூன்றாவது, உழைப்பு மனத்தை அசைக்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே நற்காரியத்துக்கு உல்லாச விருந்து வைத்து நிதி திரட்டுவதைவிட, சிரமமான ஓட்டம் வைத்துத் திரட்டினால் மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். மனிதத் துன்பத்தைப் போக்கும் நோக்கங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தியது. பாடுபட்டுச் செய்யும் காரியத்துக்கு மதிப்பு அதிகம் என்று மனம் கருதுகிறது.

நான்காவது, பணம் இல்லாதவருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. பெருந்தொகை கொடுக்க எல்லாராலும் முடியாது. நடக்கப் பலரால் முடியும். நடக்க முடியாதவர் தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுக்கலாம், வழியில் நின்று கைதட்டலாம். நான்கில் இதுவே முக்கியமானது என்பது என் கருத்து.

மறுபக்கம்

தேர்வில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுகிறவர்கள் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். சட்டை, பதக்கம், கூடாரம், ஒலிபெருக்கி என்று செலவு ஏறிக்கொண்டே போனால் நோக்கத்துக்குப் போய்ச் சேரும் தொகை குறையும். சிலர் இலவசச் சட்டைக்காக வருவார்கள், சிலர் இணைப்பாடப் புள்ளிக்காக, சிலர் நண்பர்களோடு படம் எடுக்க. அது பெரிய குற்றமல்ல. வேறு எதற்கோ வந்தவர் நோக்கத்தை அங்கே தெரிந்துகொள்வதும் உண்டு. ஆனால் ஏற்பாட்டாளர் நோக்கத்தை மறந்துவிடக் கூடாது. டெர்ரிக்கு நிறுவனங்கள் வேனும் எரிபொருளும் காலணியும் கொடுத்து உதவின. ஆனால் தங்கள் பொருளை விளம்பரப்படுத்தச் சொன்ன நிறுவனங்களின் உதவியை அவர் ஏற்கவில்லை.

நம் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர்களே, இது உங்களுக்கு. நெடுநடைக்காக நன்கொடை அட்டை கொடுக்கிறோம். திருப்பி வாங்கும்போது யார் எவ்வளவு சேர்த்தார் என்று சபைகூடலில் வாசிக்கிறோம், அதிகம் சேர்த்தவருக்குப் பரிசும் கொடுக்கிறோம். அப்போது அட்டையில் இரண்டு வெள்ளி மட்டும் உள்ள பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அந்த இரண்டு வெள்ளியை அந்த வீட்டில் எதைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பணம் இல்லாதவருக்கும் இடம் கொடுக்கத்தான் இந்த நடை பரவியது. தொகையை வைத்துப் பிள்ளைகளைத் தரம் பிரித்தால் அந்த இடத்தை நாமே பறித்துக்கொள்கிறோம்.

மாற்று வழி கடினமல்ல. வகுப்பு முழுவதும் சேர்த்த தொகையை மட்டும் அறிவிக்கலாம். எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை கிலோமீட்டர் ஆனது என்று சொல்லலாம். நடக்கும் முன்பு இந்தப் பணம் யாருக்கு, எதற்கு என்று பத்து நிமிடம் பேசலாம். முடிந்த பிறகு அது போய்ச் சேர்ந்ததா என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட

1. 50 விழுக்காடு, 15 விழுக்காடு என்ற இரண்டு எண்கள் டெர்ரியின் முடிவை எப்படிப் பாதித்திருக்கும்?

2. "ஆளுக்கு ஒரு டாலர்" என்று கேட்பதற்கும் "முடிந்தவரை அதிகம் கொடுங்கள்" என்று கேட்பதற்கும் என்ன வேறுபாடு?

3. டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் வெற்றியாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அதன் பொருள் மாறுமா? காரணத்துடன் எழுதுக.

4. உங்கள் பள்ளியில் நடந்த நிதிதிரட்டு நடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நான்கு காரணங்களில் எது உங்களை நடக்க வைத்தது?