வேகமும் வீதியோரமும்

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதன் ஆற்றலை நம்பியோர் சிலரே. குதிரை பூட்டாத வண்டி நெடுந்தூரம் ஓடுமோ என்னும் ஐயத்தை நீக்குதற்கு, ஓட்டிக் காட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1895 ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் 732 மைல் ஓட்டத்தை எமில் லெவசோர் 48 மணித்தியாலம் 48 நிமிடத்தில் முடித்தார். ஆயினும், நான்கு இருக்கை கொண்ட வண்டிக்கே முதற்பரிசு என விதி இருந்தமையால், இரு இருக்கை வண்டியில் வந்த அவருக்கு அது கிட்டவில்லை. வேகத்தைவிடப் பயன்பாடே அன்று முதன்மை பெற்றது என்பதற்கு இதுவே சான்றாகும்.

எட்டு ஆண்டுகளில் இந்நிலை மாறியது. 1903 மே 24 இல் தொடங்கிய பாரிஸ்–மட்ரிட் ஓட்டத்தில் கார்கள் மணிக்கு 60 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைந்தன. புழுதி படிந்த வீதிகளின் இருமருங்கும் மக்கள் திரண்டு நின்றனர். மார்செல் ரெனோ உள்ளிட்ட ஓட்டிகளும் பார்வையாளரும் மாண்டனர். பிரெஞ்சு அரசு போர்தோவிலேயே ஓட்டத்தை நிறுத்தியது.

இதன் பின்னர், போக்குவரத்தை மறித்த சுற்றுப்பாதைகளை அமைப்பாளர் நாடலாயினர். 1923 இல் தொடங்கிய லெ மான் 24 மணித்தியால ஓட்டம் அவற்றுள் தலையாயது. இரவு முழுவதும் ஓடவேண்டியிருந்தமையால் விளக்கு, பிரேக், டயர் அனைத்தும் அங்கு சோதனைக்குள்ளாயின. 1953 இல் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்குடன் அங்கு வெற்றி பெற்றன. பிற்காலத்தில் சாதாரண கார்களிலும் அது இடம்பெற்றது.

ஆனால், பாதையின் அமைப்பு காரின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. 1955 யூன் 11 இல், பழுதுபார்க்குமிடத்தில் நிற்பதற்காக ஜாகுவார் ஒன்று வேகத்தைத் திடீரெனக் குறைத்தது. பின்னால் வந்த ஒஸ்ரின்-ஹீலி அதனை விலகிச் செல்ல முயன்றபோது, பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் அதன்மீது ஏறிப் பாய்ந்தது. சிதறிய பாகங்கள் கூட்டத்திற்குள் வீழ்ந்தன. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழுதுபார்க்குமிடத்திற்குத் தனிப்பாதை இருக்கவில்லை. மக்களைக் காத்ததும் ஒரு மண் அணையே. ஓட்டிகள் எவர்மீதும் விசாரணையில் குற்றம் காணப்படவில்லை. பாதுகாப்புக் குறைபாடே சுட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ஓட்டத்திற்கு முன் அவ்விடம் திருத்தியமைக்கப்பட்டது.

இத்தாலியின் பொதுவீதிகளில் 1927 முதல் நடைபெற்ற மில்லே மில்யா என்னும் ஆயிரம் மைல் ஓட்டமும் இவ்வாறே முடிவெய்தியது. 1957 இல் குவிதித்சோலோ ஊரருகே போர்த்தாகோவின் பெராரி காரின் டயர் வெடித்தது. வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர்.

1978 டிசெம்பரில் பாரிஸிலிருந்து டக்காரை நோக்கிப் புறப்பட்ட ஓட்டம் பாலைவனத்தை நாடியது. ஆயினும் பாலைவனமும் ஆளற்ற வெளியன்று. அவ்வழியிலமைந்த ஆபிரிக்கக் கிராமங்களின் சிறுவரும் பின்வந்த ஆண்டுகளில் உயிரிழந்தனர்.

நெடுந்தூர ஓட்டங்களின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் பெயர்களாலேயே எழுதப்படுகின்றது. எனினும், ஓட்டங்களை நிறுத்தியதும் பாதைகளைத் திருத்தியதும் வீதியோரத்தில் மாண்ட மக்களின் இழப்பே. அவர்களை விடுத்து அவ்வரலாறு முழுமைபெறாது.