கேஸ் டிரையரும் அதன் புகைக்குழாயும்: ஒரு சிறு வரலாறு



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் குடியிருப்பில் எந்த பால்கனியைப் பார்த்தாலும் ஈரத் துணிதான். காலையில் போட்ட சட்டை மறுநாள் மாலையும் சில்லென்று இருக்கும். பள்ளிச் சீருடையை ஃபேனுக்கு அடியில் நாற்காலி மேல் விரித்துப் போடாத வீடு இருக்காது. டிரையர் வாங்கலாமா என்ற பேச்சு லிஃப்டில் அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் அங்கே கேஸில் ஓடும் டிரையரைப் பற்றிச் சொல்கிறார்கள். குழாய் வழி எரிவாயு நம் ஊர்களுக்கும் வரத் தொடங்கிவிட்டதால், "நாமும் போட்டால் என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. முடிவு செய்வதற்கு முன் அந்த இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1800 வாக்கில் போஷோன் என்ற பிரெஞ்சுக்காரர் செய்ததாகச் சொல்லப்படும் கருவிதான் இதற்குப் பாட்டன். துளை போட்ட ஓர் உலோகப் பீப்பாய், அதைச் சுற்ற ஒரு கைப்பிடி, கீழே நெருப்பு. துணி காய்ந்தது, கூடவே புகை நாற்றமும் ஏறியது, சில நேரம் கருகியும் போனது. 1892-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர், அடுப்புக்கு மேலே துணியைத் தொங்கவிடும் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டிலும் புகைக்குத் தனி வழி கிடையாது.

இன்று நாம் டிரையர் என்று சொல்வதன் வடிவம் வடக்கு டகோட்டாவின் பனியில் பிறந்தது. அங்கே குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகை மாதிரி உறைந்துவிடும். ஜே. ராஸ் மூர் என்பவர் கொட்டகைக்குள் அடுப்பு மூட்டித் துணியை உலர்த்தத் தொடங்கி, பல ஆண்டுகள் அதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் விஸ்கான்சினில் இருந்த ஹாமில்டன் நிறுவனம் அவருடைய வடிவத்தை ஏற்று, 1938-இல் 'ஜூன் டே' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மின்சாரத்தில் ஒன்று, கேஸில் ஒன்று. கதவில் கண்ணாடி வைத்து உள்ளே வண்ணத் துணி சுழல்வதைக் காட்டினால்தான் விற்கும் என்று யோசனை சொன்னவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர். விற்பனைக்கு அந்தக் கண்ணாடி உதவியிருக்கலாம். உயிருக்கு உதவுவது பின்பக்கம் இருக்கும், யாரும் எட்டிப் பார்க்காத குழாய்.

ஏன் என்று பாருங்கள். கேஸ் டிரையரின் பர்னர் மணிக்குச் சுமார் 20,000 பிடியூ எரியும். நம் சமையலறையின் பெரிய பர்னர் இரண்டு மூன்றைச் சேர்த்து ஏற்றிய வெப்பம் அது. அந்தத் தீயின் சூடான காற்றே துணிக்குள் புகுந்து வருகிறது. ஆக, பின்னால் வரும் ஒரே குழாயில் துணியின் ஈரமும் போக வேண்டும், பஞ்சுப் பிசிறும் போக வேண்டும், எரிந்த வாயுவும் போக வேண்டும். குழாய் அடைத்தால் மூன்றும் வீட்டுக்குள்ளேயே தங்கும். காற்றோட்டம் குறைந்து தீ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும்.

"கேஸ் என்றால் நாற்றம் காட்டிக் கொடுக்குமே" என்பீர்கள். அந்த நாற்றத்துக்கும் ஒரு சோகக் கதை உண்டு. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் அடியில் கசிந்து சேர்ந்த வாசனையற்ற வாயு வெடித்து, குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றப் பொருள் கலக்க அந்த மாநிலம் சட்டம் போட்டது. ஆனால் அந்த நாற்றம் எரியாத வாயுவுக்கு மட்டும்தான். எரிந்தபின் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அமெரிக்கர்களின் கட்டட விதிகளைப் படித்தால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கும் போலத் தோன்றும். குழாய் 4 அங்குல விட்டத்தில், உட்புறம் வழவழப்பான உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. நீளம் 35 அடிக்குள். நேர்கோணமாக ஒரு வளைவு வைத்தால் அதில் 5 அடி கழியும். பிசிறு மாட்டிக்கொள்ளும் என்பதால் திருகாணி உள்ளே நீட்டக் கூடாது. வெளிமுனையில் காற்று வரும்போது மட்டும் திறக்கும் மூடி வேண்டும். வலை கூடவே கூடாது. டிரையரை அலமாரி போன்ற சிற்றறைக்குள் வைத்தால், உள்ளே காற்று வர 100 சதுர அங்குலத் திறப்பு விட வேண்டும். இல்லையென்றால் டிரையர் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, பக்கத்து வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியே கெட்ட காற்றை வீட்டுக்குள் இழுத்துவிடும். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னத் தீச்சுடரும் 1988 முதல் புதிய டிரையர்களில் தடை செய்யப்பட்டது. அதற்குக் காரணம் எரிபொருள் சிக்கனம்.

இத்தனைக்குப் பிறகும், 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நடந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. கேஸ், மின்சாரம் இரண்டும் சேர்ந்த கணக்கு இது. முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது.

அங்கே இந்தக் குழாய் பெரும்பாலும் தனி வீட்டின் சுவரைத் துளைத்துத் தோட்டத்துக்குப் போகிறது. நமக்கு இருப்பது ஷாஃப்ட். எல்லா மாடிக் குளியலறை ஜன்னலும் அதில்தான் திறக்கிறது. மூன்றாம் மாடியில் விடும் எரிந்த வாயு நான்காம் மாடிக் குழந்தை குளிக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். யூட்டிலிட்டியிலிருந்து நேராக வெளிச்சுவருக்குக் குழாய் விட வழியில்லாத வீடுகளில் கேஸ் டிரையர் வேண்டாம் என்பதே என் கருத்து. தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும் மின்சார கண்டென்சர், ஹீட் பம்ப் வகைகளுக்கு வெளிக்குழாயே தேவையில்லை. விலை கூடுதல்தான்.

கேஸ் கீசர் உள்ளவர்களுக்கும் இதே கணக்குத்தான். மூடிய குளியலறையில் கீசரால் இறந்தவர்களைப் பற்றி நம் செய்தித்தாள்களிலேயே படித்திருப்பீர்கள். உங்கள் கீசர் எங்கே மாட்டியிருக்கிறது, அதன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இந்த வாரமே ஒருமுறை பாருங்கள். அடுத்த முறை புறா வலை கட்ட ஆள் வரும்போது பக்கத்தில் நின்று, அந்தக் குழாய் வாயை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.