இல்லாத கை, படாத தீட்டு

தமிழில் பாம்பு கடிப்பதோடு நிற்பதில்லை, 'தீண்டவும்' செய்கிறது. 'ஊறு' என்ற சொல்லுக்குத் தொடுவுணர்வு என்றும் பொருள், கேடு என்றும் பொருள். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அடுக்கும்போது ஓரறிவு உயிருக்குக் கொடுப்பது தொடுவுணர்வை மட்டும்தான். மற்றப் புலன்கள் அதன்மேல் ஒன்றொன்றாக ஏறுகின்றன. அடித்தளத்தில் இருக்கிற புலனே ஆபத்தானதாகவும் நம் மொழிக்குள் பதிந்திருக்கிறது. இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாதபடி மயிலாப்பூரின் ஒரு குடும்ப வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது.

லஸ்ஸில் 'ஏகாம்ர நிவாஸ்' என்றொரு வீடு. அல்லாடி கிருஷ்ணசாமி அய்யருடையது. 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல். அரசியல் நிர்ணய சபையில் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவிலும், 1947 ஆகஸ்டில் அமைந்த ஏழு பேர் கொண்ட வரைவுக்குழுவிலும் இருந்தவர். 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில் அம்பேத்கர், தன்னைவிடத் தகுதி மிக்கவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள் என்று சொல்லி எடுத்துக்காட்டிய பெயர் இவருடையது. அந்தக் குழுவின் வரைவு வழியாக வந்ததுதான், 1948 நவம்பர் 29 அன்று சபை ஏற்ற, இன்று 17ஆம் பிரிவாக நிற்கிற தீண்டாமை ஒழிப்பு. அல்லாடி 1953இல் காலமானபோது அவருடைய பேரன் ஒருவருக்கு இரண்டு வயது. அந்தப் பேரன்தான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், 1983இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்துக்குச் சென்ற வி. எஸ். ராமச்சந்திரன். தாத்தா தொட மறுப்பதைச் சட்டத்தால் ஒழிக்கும் வேலையில் பங்கெடுத்தார். பேரன், இல்லாத கையில் தொடுவுணர்வு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தார். இந்த இரண்டையும் சேர்த்து யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. சேர்த்து வாசிப்போம்.

கை வெட்டுண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கை 'இருந்துகொண்டே' இருக்கும். வலிக்கும், அரிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஊனமுற்றவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் 1871இல் இதற்கு ஆவியுறுப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். 1930களில் மாண்ட்ரியாலில் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியை மின்சாரத்தால் தூண்டித் தூண்டி உடலின் வரைபடத்தை எடுத்தார். அதில் உதடும் விரல்களும் பூதாகரமாக இருக்கும், முதுகு ஒரு துண்டு நிலம். கைக்குப் பக்கத்துவீடு தோளல்ல, முகம்! 1992இல் ராமச்சந்திரன் குழுவினர், கை இழந்தவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார்கள். இல்லாத கட்டைவிரலில் பட்டது என்றார் அவர். கையிலிருந்து சேதி வராமல் தரிசாகக் கிடந்த நிலத்துக்குள் முகம் குடியேறிவிட்டது என்பது அவர்களின் விளக்கம். (புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று நம்மூரில் சொன்னால் உடனே புரியும். ஆனால் நம்மூர் வரைபடத்தில் மாடவீதி மாடவீதியாகவும் சேரி சேரியாகவும்தான் எத்தனையோ தலைமுறை இருந்தன. மூளை அவ்வளவு பிடிவாதமானதல்ல.)

1995இல் கண்ணாடிப்பெட்டி. சிலருக்கு இல்லாத கை இறுகி மூடி, நகம் உள்ளங்கையைக் குத்துவதாக வலிக்கும். பெட்டியின் நடுவே நிறுத்திய கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம், போன கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் 'அதுவும்' விரிகிறது. சிலருக்கு வலி அடங்கியது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனாலும் தொடுகை என்பது தோலில் மட்டும் நடப்பதல்ல, கண்ணும் எதிர்பார்ப்பும் சேர்ந்து கட்டுவது என்பது நிலைபெற்றது. 2004இல் கைசர்ஸ் குழுவினர், பிறர் காலைத் தொடுவதை வெறுமனே பார்ப்பவரின் தொடுவுணர்வுப் புறணியில் ஒரு பகுதியும் கிளர்வதைக் காட்டினர்.

இதெல்லாம் மயிலாப்பூர்ப் பாட்டிகளுக்குப் புதிதல்ல. மடி வேட்டியை உயரக் கொடியில் போட்டு மடிக்கோலால் எடுப்பது எதற்கு? சாதப் பாத்திரத்தைத் தொட்ட கை 'பத்து'. "பத்துக் கையோட மோரைத் தொடாதேடி, ஜலத்தத் தொட்டுக்கோ." கண்ணுக்குத் தெரியாத, நாவுக்குத் தட்டாத ஒன்று கையிலிருந்து பாத்திரத்துக்கு, பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, பட்டுத்துணிக்கு மட்டும் அவ்வளவாக ஒட்டாதாம். இது ஒரு நுட்பமான தொடுவுணர்வு வரைபடம். வீட்டுக்குள் இருக்கும்வரை ஆசாரம் என்று பெயர், வாசலைத் தாண்டினால் தீண்டாமை. நெல்லைச் சீமையில் புரத வண்ணார் பகலில் பிறர் கண்ணில் படக்கூடாது என்றிருந்ததை 1930களின் பதிவுகள் சொல்கின்றன. கண்ணால் பார்ப்பதே தொடுவதாகிவிடும் கற்பனைக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'மூளையே இப்படித்தான், என்ன செய்வது' என்று சாதிக்கு ஒரு உயிரியல் சாக்குச் சொல்லிவிடலாம். அருவருப்பு எப்படித் தொற்றுகிறது என்பதை மூளை சொல்லும். யாரைப் பார்த்து அருவருக்க வேண்டும் என்பதை அக்ரகாரமும் கிராமமும் கோயிலும்தான் கற்றுக்கொடுத்தன. இன்னொன்று: ஆவியுறுப்பில் கற்பனையும் வலியும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. தீண்டாமையிலோ கற்பனை ஒருவனுடையது, வலி இன்னொருவனுடையது. சுந்தர் சருக்கை 2009இல் எழுதிய கட்டுரையில், தீண்டாமையின் மூல இருப்பிடம் தொட மறுப்பவனே, அவன் அதைத் தலித்தின் உடல்மீது இறக்கிவைக்கிறான் என்றார். முக்கியமான திருப்பம். எனினும் தொட மறுப்பவனே நோயாளி என்று முடித்துவிட்டால், அவனுக்குக் கண்ணாடிப்பெட்டி செய்து கொடுக்கும் பொறுப்பும் தலித்துகள் தலையில் விழும். காந்திக்குப் பிறகு அதைத்தானே நாம் செய்துகொண்டிருக்கிறோம்?

17ஆம் பிரிவில் தீண்டாமை என்ற சொல் மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. வரையறை கிடையாது. 1958இல் மைசூர் உயர்நீதிமன்றம், சொல்லின் நேர்ப்பொருளை அல்ல, வரலாற்றில் வளர்ந்துவந்த அந்த வழக்கத்தையே பிரிவு குறிக்கிறது என்று அந்தக் குறிகளைக் கொண்டே வாசித்தது. நீதிமன்றத்தின் வாசிப்பு சரி. தோலில் படுவதைப் பற்றிய சட்டமாக அதை எடுத்துக்கொண்டிருந்தால், மின்தூக்கியில் தோளுரசி ஏறும் வீட்டுவேலைப் பெண்ணுக்கு மாடியில் எடுத்துவைத்திருக்கிற தனி டம்ளரைப் பற்றிச் சட்டத்துக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.