மலைக்காத்தும் மாத்திரையும்

எங்க தாண்டிக்குடிக்கு வர்றவங்க, "இந்தக் காத்துக்கே நோய் போயிடும்"னு சொல்வாங்க. காசநோய்க்கு ஒரு காலத்தில் வைத்தியமே அதுதான்: மலைக்காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதை மாற்றியது. ஒரு வருஷம் ஒரே மருந்து. நெருக்கடியான வீட்டில் இருந்தவங்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவங்களும் ஏறக்குறைய சமமாகவே குணமானாங்க.

சிக்கல் வேறு: இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திடுவாங்க. அதனால் வாரம் இருமுறை, கண்ணெதிரே மருந்து தரும் முறையையும் அங்கே சோதித்தார்கள்.

எங்க வீட்டிலும் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரை டப்பாவுக்குப் போகும். அடுத்த காய்ச்சல்காரருக்கு அதுதான் மருந்து. பாதியில் விட்டால் தப்பிய கிருமி அந்த மருந்துக்கே அசையாமல் போகலாம். களையைப் பாதியில் விடாத நாங்க, இதை மட்டும் விட்டோம்.