ஊவா மலையின் நீர்வலுவும் மின்வலையும்

பதுளையினின்று பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறுவோர், தேயிலைச் சரிவுகளினூடே பாய்ந்திறங்கும் ஓடைகள் பலவற்றைக் காண்பர். இலங்கை மலைநாட்டின் மின்வரலாறு இத்தகைய ஓடைகளிலேயே தொடங்கிற்று. தேசிய மின்வலை தோன்றுமுன்னரே, தோட்டத்துரைமார் பலர் அருவிநீரைக் குழாய்வழி இறக்கிச் சிறு சுழலிகளைச் சுழற்றித் தேயிலை ஆலைகளை இயக்கினர். அவ்வலு பெரும்பாலும் ஆலையோடும் பங்களாவோடும் நின்றது. கொழுந்து பறித்தோரின் லயங்களில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே.

நீர்வலுவால் நாடு முழுவதற்கும் மின்னளிக்கலாம் என்பதைப் பொறியியலறிஞர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துக்காட்டினார். அவர் கனவு 1950இல் லக்சபானாவிற் பலித்தது. ஆயினும், மின்கம்பிகள் மலையேறவே தோட்டச் சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருவேறின. 1990களின் பிற்பகுதியில், சிறுநிலையங்களின் மின்னை இலங்கை மின்சார சபை விலைக்குக் கொள்ளும் ஒழுங்கு வந்தபின்னரே மலையோடைகள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். பழைய சுழலி தனித்தியங்கியது; புதிய நிலையமோ வலையைச் சார்ந்தது. வலை வீழின், ஓடையில் நீர் நிரம்பியோடினும் நிலையமும் நின்றுவிடும். பழுதுபார்ப்போரின் உயிர்க்காப்பிற்காக அவ்வாறே அமைத்துள்ளனர். அன்றியும், தொலைவிலுள்ள மலைக்கு மெலிந்த கம்பி வழியே மின் செல்லுங்கால் அழுத்தம் தாழும்; அக்கம்பியின் கடைக்கோடியிலிருந்து நிலையமொன்று மின்னை உட்செலுத்துங்கால் அழுத்தம் உயரும். எனவே, ஒரு கம்பி ஏற்கும் அளவுக்கு எல்லையுண்டு. ஊவாவுக்கோ பருவத்தின் இடரும் உளது. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றே அதன் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தை ஊட்டுவது. ஓடைகளை வற்றச்செய்வதும் அதுவே!

2024 ஏப்ரலில் 120 மெகாவாற்று உமா ஓயாத் திட்டம் பதுளை மாவட்டத்திலே திறக்கப்பட்டது. ஆக்கம் பெருகியது, வலையின் தாங்குதிறன் அதற்கிணையாகப் பெருகவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்திற் குரங்கொன்றால் நேர்ந்த கோளாறு தீவு முழுவதையும் இருளிலாழ்த்தியது. குரங்கின்மேற் பழியைச் சுமத்துதல் எளிது. ஆனால், அன்று மின்தேவை குறைவு. சூரிய மின்னின் பங்கோ மிகுதி. கனத்த சுழலிகள் தம் சுழல்விசையால் மீடிறனின் திடீர் வீழ்ச்சியைத் தாமதிக்கும். சூரியப் படலங்களுக்கு இயல்பாக அவ்விசை இல்லை.

2030இல் மின்னாக்கத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களினின்று பெறுவதென அரசு குறியிட்டிருந்தது. அக்குறியிருக்கவே, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைமேற் சூரிய நிலையங்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளரை வேண்டிக்கொண்டது.