நெட்ஹேக்: ஊர் கூடி இழுத்த தேர்

திரையில் படம் என்று ஒன்றுமே கிடையாது. '@' என்ற குறிதான் வீரன். ஆங்கிலச் சின்ன எழுத்து 'டி' என்றால் நாய், பெரிய எழுத்து 'டி' என்றால் டிராகன்! நெட்ஹேக் என்ற இந்தக் கணினி விளையாட்டை 1987 முதல் இன்றுவரை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். இதை எந்த நிறுவனமும் தயாரிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

கதை 1980-ல் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. மைக்கேல் டாய், கிளென் விச்மேன் என்ற இரு மாணவர்கள் 'ரோக்' என்ற பாதாளக்குகை விளையாட்டை எழுதினார்கள். அதன் மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதனாலென்ன? மாசசூசெட்ஸில் ஜே ஃபென்லேசன் என்ற பள்ளி மாணவர், நண்பர்கள் உதவியோடு 1982 வாக்கில் அதே போல் ஒன்றைப் புதிதாக எழுதிவிட்டார். அதுதான் 'ஹேக்'. 1984-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்த கணிதவியலாளர் ஆண்ட்ரீஸ் பிரவர் அதைப் பெரிதாக்கி, யூஸ்நெட்டில் மூலநிரலோடு வெளியிட்டார்.

அவ்வளவுதான், ஆளுக்கொரு ஹேக் முளைத்தது. அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலையை மைக் ஸ்டீஃபன்சன் எடுத்துக்கொண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த இஸாக் மில்லரும் ஜேனட் வால்ஸும் சேர்ந்துகொண்டார்கள். வேலை வலைவழியே நடந்ததால் பெயரிலும் 'நெட்' ஒட்டிக்கொண்டது.

பலர் மூளை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். காக்கட்ரிஸ் என்ற பிராணியைத் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். கையுறை போட்டுக்கொண்டு அதன் பிணத்தையே ஆயுதமாக வீசலாம், எதிரி கல்லாவான். சரி, அதிகச் சுமையோடு படியில் இறங்கும்போது தவறி விழுந்தால்? பிணம் உங்கள் மேல் பட்டு நீங்களே கல்! இதைக்கூட யாரோ யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை. மூலநிரலை யாரும் எடுத்து மாற்றலாம். அதிகாரபூர்வப் பதிப்பை வெளியிடுவது மட்டும் ஒரு சிறு குழு. 2003 டிசம்பரில் 3.4.3 வந்தபின் அந்தக் குழு அடுத்த பதிப்பைத் தர 12 வருடம் ஆனது. வேறு திட்டமாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பிழைகளைத் திருத்தி, சொந்த வடிவங்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 டிசம்பரில் வந்த 3.6.0-வில் அவர்கள் செய்த மாற்றங்கள் பலவும் சேர்க்கப்பட்டன.

மில்லர் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1994-லேயே இறந்துவிட்டார். குகைக்குள் சுரங்க நகரம் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலும் ஒரு விளக்குக்கடை இருக்கும். மற்ற கடைக்காரர்களின் பெயர் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இவர் பெயர் மட்டும் எப்போதும் இஸாக். விளையாட்டை முடிக்க ஏழு மெழுகுவர்த்திகள் தேவை. அவற்றை வாங்கப் பலரும் போவது அவர் கடைக்குத்தான்.