நியோனிகோட்டினாய்டு தடை (ஐரோப்பிய ஒன்றியம்)

நியோனிகோட்டினாய்டுகள் பூச்சிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பூச்சிக்கொல்லிகள். இவற்றைப் பெரும்பாலும் விதைநேர்த்தியாகவே பயன்படுத்தினர். செடி வளரும்போது மருந்து வேரிலிருந்து இலைவரை பரவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்துவிடும். அசுவினிப் பூச்சிக்கு வைத்த நஞ்சு, காய்பிடிக்க உதவும் தேனீக்கும் போய்ச் சேர்கிறது. உடனே சாகாத தேனீயும் வழி தடுமாறிக் கூடு திரும்பாமல் போகலாம்.

2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் இதன் விபரீதம் வெளிப்பட்டது. மக்காச்சோள விதையில் பூசிய குளோத்தியானிடின் சரியாக ஒட்டாமல், விதைப்புக் கருவியிலிருந்து தூசியாகப் பறந்து, பக்கத்தில் பூத்திருந்த செடிகளில் படிந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன.

2013-இல் இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சாம் ஆகிய மூன்றையும் தேனீக்கள் நாடும் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு விதித்தது. 2018-இல் திறந்தவெளிப் பயன்பாடு முழுவதற்கும் தடை வந்தது. நிரந்தரப் பசுமைக்குடில்களுக்கு மட்டும் விலக்கு.

தடையின் பலவீனம் அவசரகால அனுமதிகளில் இருந்தது. அசுவினி பரப்பும் மஞ்சள் நோயால் 2020-இல் பிரான்சின் சர்க்கரை பீட் பயிர் கடும் இழப்பைக் கண்டது. விவசாயிகளின் கவலை உண்மையானதே. ஆனால் அதற்காக அரசு தந்த விலக்கு தடையின் நோக்கத்தையே குலைத்தது. தடைசெய்த மருந்து பூசிய விதைகளுக்கு இத்தகைய விலக்கு செல்லாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பிரான்சும் அவ்வாண்டு விலக்கைக் கைவிட்டது.